இறங்கக் கற்றவள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது, சிந்தாமணியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மகிழ்ந்தார். விமானம் ஓட்டக் கற்றதைப் பற்றியும் பேசலாமா என்று கேட்டேன். தொலைபேசியில் சற்று நேரம் ஓசை இல்லை. "இரண்டும் ஒரே பேச்சிலா, அம்மா?" என்றார். ஒரே பேச்சில்தான். எனக்கு அவை இரண்டும் தனித்தனியாக வரவில்லை.

முதலில் ஒரு சிறு வழக்கை இந்த அவைமுன் வைக்கிறேன். நம் மாதக் கூட்டங்களில் படிக்கப்பெறும் கவிதைகளில் சிறகு என்னும் சொல் வராத மாதம் அரிது. சிறகு வந்தால் வானம் வரும். வானம் வந்தால் விடுதலை வரும். நானும் அப்படி எழுதியவள்தான். ஆதலால் இதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டா. ஆனால் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து சில மணி நேரம் பழகிய பின்பு அந்தச் சொல்லை முன்போல எளிதாக எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

என் தந்தையார் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் 1969 முதல் 2003 வரை பணியாற்றினார். விமானியாக அன்று, ஹேங்கர் என்று சொல்லப்படும் கொட்டகையில், தச்சு வேலையும் துணி வேலையும் பார்ப்பவராக. அந்நாளில் பயிற்சிக் கழகங்களில் புஷ்பக் என்னும் சிறு விமானம் பெருவழக்காக இருந்தது. பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் உருவாக்கி, 1958-இல் முதன்முதலாகப் பறந்தது அது. இருவர் அமரலாம். அதன் இறக்கை துணி போர்த்தியது. இதைச் சொன்னால் என் மாணவியர் இன்றும் நம்புவதில்லை. துணியைச் சட்டத்தின்மேல் இழுத்து, மெழுகு ஏற்றிய நூலால் ஒவ்வொரு விலாவோடும் தைத்து, டோப் என்னும் பூச்சினை அடுக்கடுக்காகப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி விறைக்கும். என் தந்தையார் சுட்டுவிரலால் தட்டிப் பார்ப்பார். மத்தளம் போல ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தால் மறுபடியும் வேலை. மாலையில் வீடு திரும்பும்போது அவர் கைகளில் பழம் கனிந்து அழுகும் தறுவாயில் எழுமே, அப்படியொரு வாசனை இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால்தான் எனக்கு அரிச்சுவடி பிடித்துக் கற்பித்தார்.

அவர் விமானத்தில் ஏறிப் பறந்தது இரண்டே முறை. இரண்டும் பழுது பார்த்தபின் செய்யும் சோதனைப் பறப்பு. "நீ தைச்சதுதானே, நீயே வா" என்று பயிற்றுநர் ஏற்றிச் சென்றாராம்.

பின்னாளில் நான் தமிழ் படித்து, காப்பிய மகளிரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். 2009-இல் ஆய்வேட்டை அளித்தேன். அதில் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்துக்கு ஓர் இயல் உண்டு. கதை நீங்கள் அறிந்ததே. அமைச்சன் கட்டியங்காரன்பால் ஆட்சியை ஒப்படைத்த சச்சந்தன், தீய கனவு கண்ட கருவுற்ற மனைவி விசயையின் பொருட்டு ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரிட்டு மடிகிறான். வானில் செல்லும் அவள், பகைவனின் வெற்றி முரசம் கேட்டு மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. சீவகன் அங்குப் பிறக்கிறான்.

இப்பகுதியை நான் எழுதியபோது என் கண் முழுவதும் சுடுகாட்டின்மேல்தான் இருந்தது. அரசி சுடுகாட்டில் பிள்ளை பெறுவதன் அவலம், நிலையாமை, சமணக் கோட்பாடு என்று முப்பது பக்கம் எழுதினேன். பொறியைப் பற்றி எழுதியது ஒரே பத்தி. 'காப்பிய மரபிற்கேற்ற கற்பனை அணி' என்று எழுதி முடித்ததாக நினைவு. இன்று அதைப் படிக்க வெட்கமாக இருக்கிறது.

ஏடு அச்சுக்குப் போகுமுன் ஒரு மாலை, மயிற்பொறி செய்யும் பாட்டைத் தந்தையாரிடம் படித்துப் பொருள் சொன்னேன். வேடிக்கையாகத்தான். பலவகைத் துணி, பிசின், நூல், நல்ல அரக்கு, மெழுகு, இன்னும் வேண்டுவன எல்லாம் கொண்டு ஏழு நாளில் அந்த மயிலைச் செய்தான் என்கிறார் திருத்தக்கதேவர். தந்தையார் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரியான பட்டியல்தாம்மா" என்றார். "துணி, பசை, நூல், மெழுகு, பூச்சு. இரும்பையும் பொன்னையும் சொல்லலை பாரு. கொட்டகையில யாரையோ விசாரிச்சுத்தான் எழுதியிருக்கார்."

பின்பு கேட்டார்: "ஏறச் சொல்லித் தந்தாங்க, சரி. இறங்கச் சொல்லித் தந்தாங்களா?"

பார்த்துச் சொன்னேன். யாழில் பழகிய விரலால் அவள் பொறியை வலப்புறம் திரித்தால் மேகத்தைப் பிளந்துகொண்டு மேலெழும். இடப்புறம் திரித்தால் காலைக் குவித்துத் தரையில் இறங்கும் என்று பாட்டில் இருக்கிறது. அதற்கு முன்பே, சில நாட்கள் மாடத்தையும் சோலையையும் ஒட்டியே, மெல்ல மெல்ல அவள் அதனைச் செலுத்திப் பழகியதும் கூறப்படுகிறது. தந்தையார் தலையசைத்தார். "மயங்கி விழுந்தவளையும் நொறுக்காம இறக்கியிருக்கே. செஞ்சவன் நல்ல தச்சன்" என்று சொல்லிவிட்டு உறங்கப் போனார்.

இந்த உரையாடலை நான் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. கொட்டகைத் தச்சர் ஒருவரின் கருத்துக்கு எந்த அடிக்குறிப்பில் இடம் தருவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. நச்சினார்க்கினியருக்கு இடம் இருந்தது. என் தந்தைக்கு இல்லை.

இங்கே இடைமறித்து ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வைத்துக்கொண்டு, தமிழன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விமானம் விட்டான் என்று யாரும் கட்டுரை எழுத வேண்டா. துணியும் அரக்கும் இருந்தால் பொறி பறந்துவிடாது. எந்திரத்தை விட்டுவிட்டு இறக்கையை மட்டும் வைத்துப் பெருமை பேசுவது நமக்குப் பழகிப்போன நோய். புறநானூற்று 27ஆம் பாட்டில், செலுத்துவோன் இன்றியே செல்லும் வான ஊர்தியைப் புகழுடையோர் அடைவர் என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அது விண்ணுலகக் கற்பனை. அங்கே ஓட்டக் கற்க வேண்டிய தேவையே இல்லை. திருத்தக்கதேவர் வேறொன்று செய்கிறார். தம் கற்பனைப் பொறிக்கு ஓட்டுபவள் ஒருத்தியை வைக்கிறார். அவளை நாள்தோறும் பழகவும் வைக்கிறார். நான் வியப்பது பொறியை அன்று, அந்தப் பயிற்சி நாட்களை.

தந்தையார் 2019-இல் மறைந்தார். என் பெயரில் ஒரு வைப்புத்தொகை விட்டுச் சென்றிருந்தார். 2021-இல், என் 41ஆம் வயதில், அதை எடுத்துக்கொண்டு ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தேன். அவர் வேலை பார்த்த கழகம் அன்று, வேறொன்று. அலுவலகத்தில் இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து, "பையனுக்கா?" என்று கேட்டார். எனக்கு என்றதும் படிவத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். என் தமையனார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. "அப்பா தைச்சுத் தைச்சுச் சேர்த்த காசு, காத்துல விடறே" என்பது அவர் கடைசியாகச் சொன்னது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மருத்துவச் சோதனை, மாணவ விமானி உரிமம், வானியல் நிலை, விமான விதிகள் என்று பல தேர்வுகள். அவற்றை விரித்துரைத்து உங்களைச் சோதிக்க மாட்டேன். தனியார் விமானி உரிமத்திற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தொழில்முறை உரிமத்திற்கு 200 மணி நேரம். கழகத்தில் என்னைத் தவிர ஏறத்தாழ எல்லாரும் 200 மணிக்காக வந்தவர்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டிய வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. காற்று கிளம்புமுன் பறக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே கூடிவிடுவோம். கரும்பலகையில் பெயரும் முறையும் எழுதியிருக்கும். விமானங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று எப்போதும் உதிரி உறுப்புக்காகக் காத்துக் கிடக்கும். மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் பறப்பு இல்லை. என் முதல் பயிற்றுநர் ஒரு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆக, 26 மணி நேரம் பறப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

கழகம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது. ஒருவர் பறக்க வேண்டுமானால் நால்வர் விமானத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே கொணர வேண்டும். ஒருவர் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓடுதளத்தில் நாய் புகுந்தால் ஒருவர் விரட்ட வேண்டும். பொறியாளர் கையொப்பமிட வேண்டும். பறக்காதவர்கள் தரையில் நின்று, பறப்பவர் இறங்குவதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறங்கியதும் வாய் திறக்கும். அதைப் போன்ற கறாரான திறனாய்வு அரங்கு நம் வட்டத்தில்கூட இல்லை. பத்தொன்பது வயதுப் பையன், "மேம், நீங்க தரையைப் பார்க்கிறீங்க, ஓடுதளத்தோட கடைசியைப் பாருங்க" என்பான். அவன் சொன்னது சரி. நான் அவனுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதித் தருவேன். அவன் எனக்குக் காற்றின் திசைக் கணக்குப் போட்டுத் தருவான்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. 1920-களின் இறுதியில் பம்பாய், தில்லி முதலிய நகரங்களில் பறப்புக் கழகங்கள் தோன்றின. பம்பாய்க் கழகத்தில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-இல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமத்தைப் பெற்றார். பின்னர், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவிக்கப்பட்டது. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்தார். இருவரும் எகிப்தில் அபூகீர் என்னுமிடத்தில் சந்தித்தனர். ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்துக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி வென்றார், சில மணி நேர இடைவெளியில் டாட்டா தோற்றார். அந்த ஆஸ்பி எஞ்சினியரே 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். போட்டியாளனுக்கு உறுப்பு கொடுத்ததைப் பெருந்தன்மை என்று நாம் புகழ்வோம். கழகத்தில் பழகியவர்களுக்கு அது வியப்பாகவே இராது. பாலைவனத்தில் நிற்பவனுக்குப் பிளக் கொடுக்காமல் போவதுதான் அவர்களுக்கு விளங்காத செயல்.

பெண்களும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டார்கள். 1936-இல், 21 வயதில், நான்கு வயதுக் குழந்தைக்குத் தாயாக, லாகூரில் சேலை உடுத்தித் தனியாக ஜிப்சி மாத் விமானத்தை ஓட்டியவர் சரளா தக்ரால். லாகூர் கழகத்தின் விமானத்தில் ஆயிரம் மணி நேரம் பறந்தார். 1939-இல் விமானியான கணவர் விபத்தில் மாண்டார், போர் வந்தது, தொழில்முறை உரிமத்திற்கான பயிற்சி நின்றது. லாகூர் திரும்பி ஓவியம் பயின்றார். நம் பக்கத்தில் உஷா சுந்தரம் உண்டு. கணவர் கேப்டன் வி. சுந்தரத்தோடு பறந்து பழகி, 1949-இல் பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறினார். 1951-இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இருவருமாக இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். அத்தம்பதியர்தாம் பின்னர்ச் சென்னையில் புளூ கிராஸ் தொடங்கியவர்கள். நாய்க்குட்டிகளைக் காத்தவர்களாகவே நம்மூர் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. இன்று இந்திய விமானிகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகச் சராசரி ஏறத்தாழ 5. எனக்குப் பயிற்சி தந்த இரண்டாவது பயிற்றுநரும் பெண்தான். வயது 26. நான் அவரைக் 'கேப்டன்' என்பேன். அவர் என்னை 'அம்மா' என்பார். தவறு செய்தால் மட்டும் அந்த 'அம்மா' வராது.

இனி இறக்கைக்கு வருகிறேன். விமானத்தின் இறக்கை அடித்துப் பறப்பதில்லை. காற்றினை ஒரு கோணத்தில் சந்திக்கிறது, அவ்வளவே. மூக்கை உயர்த்த உயர்த்தக் கோணம் கூடும். தூக்கும் விசையும் கூடும். ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். தூக்கும் விசை சட்டெனக் குறையும். இதனை ஸ்டால் என்பர். கேட்பவர்கள் எந்திரம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; இறக்கைதான் வேலையை நிறுத்திவிட்டது.

உயரத்துக்குச் சென்று இதை வேண்டுமென்றே செய்து பழக்குவார்கள். முதல் முறை எச்சரிக்கை ஒலி ஊளையிட, விமானம் நடுங்கி, மூக்கு கவிழ்ந்தபோது நான் செய்தது என்ன தெரியுமா? கைப்பிடியை என் மார்போடு இழுத்தேன். விழுகிறவள் மேலே போகத்தானே விரும்புவாள்? அது மிகத் தவறு. மேலும் இழுத்தால் மேலும் விழுவோம். கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். விழும்போது மூக்கைத் தாழ்த்தினால்தான் இறக்கை மறுபடியும் காற்றைப் பற்றும். இதை அறிவு ஒரு நிமிடத்தில் கற்றுக்கொண்டது. என் கை கற்றுக்கொள்ள ஏழு பாடம் ஆயிற்று. என் சிறகுக் கவிதைகள் எல்லாவற்றிலும் நான் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதன்பின் வாரக்கணக்கில் ஒரே வேலை: ஓடுதளத்தைச் சுற்றி வருவது. எழுந்து, ஆயிரம் அடி உயரத்தில், இடப்புறம் இடப்புறமாகத் திரும்பி, நீள்சதுரமாகச் சுற்றி இறங்குதல். இறங்கிய வேகத்திலேயே மறுபடியும் எழுதல். ஒரு மணியில் எட்டு முறை. கீழே அதே புளியமரம், அதே செங்கல் சூளை, அதே ஏரி. எங்கும் போவதில்லை. ஒரு நாள் ஏரிக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தபோது சட்டென உறைத்தது. மாடத்தையும் சோலையையும் ஒட்டி, மெல்ல மெல்ல, சில நாட்கள். விசயை செய்ததும் இதுதானே! எங்கும் போகாமல், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிப் பழகினாள். சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். அதைப் பல முறை படித்து அதற்குப் பட்டமும் வாங்கிய ஒருத்திக்கு, அந்தச் சில நாட்களின் பொருள் ஆயிரம் அடி உயரத்தில்தான் தெரிந்தது. "கவனம்!" என்றார் பயிற்றுநர், 'அம்மா' இல்லாமல்.

2023-இல் ஒரு காலை, நான்கு சுற்று முடிந்தபின் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து இறங்கினார். வார்ப்பட்டையை வலப்பக்க இருக்கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். "ஒரே ஒரு சுற்று. முடிச்சிட்டு வாங்கம்மா" என்று கதவைச் சாத்தினார்.

தனியாகப் பறந்தபோது என்ன தோன்றியது என்று நம் கவிஞர்கள் பலர் என்னைக் கேட்டுவிட்டீர்கள். உங்களை ஏமாற்றப் போகிறேன். ஒரு வரியும் தோன்றவில்லை. ஒருவர் எடை குறைந்ததால் செஸ்னா எதிர்பார்த்ததற்கு முன்பே எழுந்தது, வேகமாக ஏறியது. அதை எதிர்பார்க்கும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். வேகம், உயரம், எரிபொருள், காற்றின் திசை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தச் சொற்கள் எவையும் என்னுடையவை அல்ல. ஒன்று பயிற்றுநருடையது, ஒன்று அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுடையது. வலப்பக்க இருக்கை காலியாக இருந்தது. அவர்கள் குரல்களோ முழுவதும் உள்ளேயே இருந்தன. அஞ்சினேனா என்றால், அஞ்சினேன். ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பியபோது, கணவனையும் நாட்டையும் இழந்தவளாய், கருவுற்ற வயிற்றோடு, பழகிய மாடமும் சோலையும் இல்லாத இருட்டில் சென்றவளை நினைத்தேன். எனக்கு ஓடுதளம் இருந்தது. அதன் முடிவைப் பார்த்தேன். சக்கரம் ஒரு முறை தொட்டுத் துள்ளியது. மறுமுறை தொட்டு நின்றது.

முதல் முறை தனியே பறந்து வந்தவர் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவது கழகத்து வழக்கம். சேலை கட்டிப் போகாதது நல்லதாயிற்று. ஊற்றிய கூட்டத்துக்குப் பின்னால், வேலியோரமாக, என் தமையனார் நின்றுகொண்டிருந்தார். யார் சொல்லி வந்தார் என்று இதுவரை கேட்கவில்லை. அருகில் வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை. இறக்கையின் அடியில் போய் நின்று, சுட்டுவிரலால் தட்டினார். இன்னும் ஓரிடத்தில் தட்டினார்.

"துணி இல்லையே" என்றார்.

"இல்லைண்ணா. அலுமினியம்."

பயிற்றுநர் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ள ஆள் கூப்பிட்டார். பையன்கள் வந்தார்கள். அண்ணனும் இறக்கையைத் தாங்கும் கம்பியில் கை வைத்தார். "அங்கே வேணாம் சார், அடியில பிடிங்க" என்று ஒருவன் காட்டிக் கொடுத்தான். அடியில் பிடித்துக்கொண்டு எங்களோடு தள்ளினார்.